பதினேழாம் விதி

கழுத்து திரும்பவில்லை. கண் விழித்ததும் முத்தம்மாவுக்கு முதலில் தெரிந்தது அதுதான். இடப்பக்கம் திரும்பினால் முதுகுத்தண்டு வரைக்கும் சுரீரென்று இழுத்தது. வலப்பக்கம் திரும்பினால் தோள்பட்டையில் யாரோ ஆப்பு அடிப்பது போலிருந்தது. மேலே தளத்தைப் பார்த்தபடியே சற்று நேரம் கிடந்தாள்.

முந்தின நாள் தி. நகரில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட்டார்கள். தளம் போடுகிற அன்றைக்கு நடுவில் நிறுத்துகிற பேச்சே கிடையாது. ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். காலை ஏழு மணிக்குத் தலையில் ஏறிய கலவைப் பாண்டு பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கியது. சும்மாடு நனைந்து, சிமெண்டுத் தண்ணீர் காதோரம் வழிந்து, தோல் வெந்துபோயிருந்தது. வீடு வந்து சேர்ந்தவள் சோறு பொங்கித் தின்றதோடு சரி. சட்டி பானையைத் தொடவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளவில்லை. சாய்ந்தவள் சாய்ந்தவள்தான்.

“இன்னாடி, வேலைக்குப் போவலியா?” என்று கேட்டான் முருகையன். அவள் புருஷன். மயிலாப்பூர் மார்க்கெட்டில் கைவண்டி இழுக்கிறவன், மூட்டை ஏற்றுகிறவன்.

“கய்த்து புட்ச்சிகிச்சி. நாளைக்குப் பாக்கலாம்.”

“தண்ணி?”

“நீதான் புட்ச்சிகினு வா.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். குழாய் கீழே இருந்தது. காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் தண்ணீர் வரும். வீடு மூன்றாம் மாடியில். எழுபது கிலோ மூட்டையை வாய் பேசாமல் தூக்குகிறவன், நாலாவது நடையில் மாடிப்படியை அம்மா அப்பா எல்லாம் சேர்த்து வைதான். முத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது.

அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பதினாலு வருஷம் அடையாற்றங்கரையில் குடிசை. ஐப்பசி வந்தால் ஆறு உள்ளே வரும். அடுப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். வடிந்த பிறகு வந்து சேற்றை வழித்து, கீற்று மாற்றி, மறுபடியும் குடியிருக்க வேண்டும். இப்போது அந்தக் குடிசைகள் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, இடத்துக்கு முள்கம்பி கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு அட்டையும் சாவியும் கொடுத்து இந்த நாலு அடுக்குக் குடியிருப்பில் ஏற்றினார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கதவு இருந்தது. அதை முதல் நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடினாள் முத்தம்மா.

சாவியோடு ஒரு ரோஸ் நிறக் காகிதமும் கொடுத்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘குடியிருப்போர் கவனத்திற்கு’ என்று போட்டு, கீழே இருபத்திரண்டு விதிகள். மேஸ்திரி மாதிரி குடியிருப்பை மேற்பார்வை பார்க்க பஞ்சாட்சரம் என்று ஒரு அதிகாரி. சாவி கொடுத்த அன்று நாற்பது குடும்பத்தையும் வெயிலில் உட்காரவைத்து அவர்தான் அதை வாசித்தார். உரலும் அம்மியும் தரைத்தளத்தில் மட்டும் வைக்கவும். மேல்மாடியில் இடித்தால் கீழே சுண்ணாம்பு உதிரும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கோழி, ஆடு கூடாது. துணியைப் பிழியாமல் கைப்பிடிச் சுவரில் போடக் கூடாது. விருந்தாளி மூன்று இரவுக்கு மேல் தங்கினால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டதும் ஒரு கிழவர், “மாமியாரு வந்தாக்கூட எய்திக் குடுக்கலாமா சார்? இன்னைக்கே குடுக்கறேன்” என்றார். நாற்பது குடும்பமும் சிரித்தது. பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. பதினேழாவதை இரண்டு தரம் வாசித்தார்.

முருகையன் காகிதத்தைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினான். ஆணி கூடாது என்பதால் சோற்றுப் பசை தடவி ஒட்டினான். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். மூட்டைகளின் மேல் கடைப் பெயர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சாயங்காலம் வந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கதவைச் சாத்துவான். ஒரு விதியை எடுத்து எழுத்து எழுத்தாகத் தடவுவான். படித்து முடித்ததும் அதைத் தானே போட்ட மாதிரி பேசுவான். ஆதம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து நாலாவது ராத்திரி தங்கினபோது, “எய்திக் குடுத்துட்டியா?” என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஒன்பதாவதையும் அவன் முத்தம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தான். அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், தேங்காய் நார் ஆகியவற்றைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டக் கூடாது. வாசலில் உள்ள தொட்டியில் கொட்டவும்.

“சாம்பல் இன்னா குப்பையா?” என்றாள் முத்தம்மா. “பாத்திரத்த எதுல வெளக்கறது? உன் தலமுடியிலயா?”

“நான் சொல்லல. பேப்பர் சொல்லுது.”

“பேப்பரு வந்து வெளக்குமா?”

குடிசையில் பாத்திரம் கழுவின தண்ணீர் மண்சுவரில் இருக்கிற ஒரு ஓட்டை வழியாக வெளியே போகும். சாம்பலும் அதோடு போகும். எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. இங்கேயும் அடுப்படி மூலையில் ஒரு சின்னத் தொட்டி, அதில் ஒரு ஓட்டை. ஓட்டையைக் கண்டால் ஊற்றுகிற கை அவளுடையது. முதல் இரண்டு நாள் சாம்பலைக் கீழே சுமந்துகொண்டு போய்க் கொட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் வாசல் தொட்டியில், கொஞ்சம் ஓட்டையில் என்று ஆயிற்று. ஒரு வாரமாகத் தண்ணீர் சட்டென்று இறங்காமல், களக் களக் என்று தொண்டையில் சிக்கின மாதிரி இறங்கியது. இறங்குகிறதே, அது போதும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் காலை மாடி இறங்கி ஏற உடம்பில் தெம்பில்லை. இரண்டு நாள் சாம்பல் அடுப்பில் குவிந்திருந்தது. அதில் ஒரு கை எடுத்துப் பாத்திரத்தை விளக்கினாள். மிச்சத்தை ஓட்டைக்குள் தள்ளினாள். இறங்கட்டும் என்று மூன்று குடம் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்தாள். இறங்கியது.

கால் மணி கூட ஆகியிருக்காது. கீழேயிருந்து ஒரு கத்தல் வந்தது.

“யா அல்லா! பஞ்சு! பஞ்சு போச்சே!”

தரைத்தளத்தில், இவர்கள் வீட்டுக்கு நேர் கீழே, வலியுல்லாவும் அவர் மனைவி அமீனா பீயும் இருந்தார்கள். வலியுல்லா மெத்தை தைக்கிறவர். முன் அறையில் பஞ்சு அடிப்பார். அடிக்காத பஞ்சை மூட்டை மூட்டையாக அடுப்படியில் அடுக்கி வைத்திருப்பார். பஞ்சு இருக்கிற வீட்டில் நெருப்புப் பொறி பறக்கக் கூடாது என்று விறகே கிடையாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். நடுவில் இரண்டு மாடிகளுக்கும் இன்னும் ஆள் வரவில்லை, பூட்டுதான் தொங்கியது. ஆகவே அந்தக் குழாயில் தண்ணீர் விடுகிற வீடு இரண்டே இரண்டு. அதில் விறகு எரிக்கிற வீடு ஒன்றே ஒன்று.

முத்தம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முருகையன் பின்னாலேயே வந்தான்.

அமீனா பீயின் அடுப்படித் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மேலே சாம்பல் ஆடை கட்டி மிதந்தது. மூலையில் இருந்த ஓட்டை இன்னும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அமீனா பீ புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மூட்டைகளை இழுத்து இழுத்துக் கட்டில்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். அடியில் இருந்த மூட்டைக்குள் இலவம்பஞ்சு ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

“பாருடீம்மா பாரு!” என்றார் வலியுல்லா. “பொதங்கெழம கல்யாண மெத்த குடுக்கணும். பாண்டி பஜார்ல துணிக்கட வச்சிகீற பெரிய எடம். சாக்கடத் தண்ணி பட்ட பஞ்ச மாப்ள பொண்ணு மெத்தையில வச்சித் தைக்கவா?”

“பாய், நான் தெரிஞ்சி...”

“தெரியாமயா? இதோ கீதே சாம்பலு! எங்க வூட்ல ஏது சாம்பலு? வானத்துலேர்ந்து வந்துச்சா?”

முருகையன் முத்தம்மாவின் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான்: “ஒம்போது. அப்புறம் பதினேழு.”

“கம்முனு இரு.”

பதினேழு என்ன என்று அவளுக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. விதிகளை மீறிக் குழாய் அடைப்புக்கோ கட்டடச் சேதத்துக்கோ காரணமாகும் குடும்பத்தின் ஒதுக்கீடு, ஆறு மாதத்துக்குள் முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்படும். ஆறு மாதத்தில் பன்னிரண்டு நாள் போயிருக்கிறது. பஞ்சாட்சரம் திங்கட்கிழமை தோறும் பதினொரு மணிக்கு வருவார். அன்று திங்கட்கிழமை.

ரத்தானால் போக இடம் எது? ஆற்றங்கரையில் முள்கம்பி. கிண்டிப் பக்கம் ரயில் தண்டவாளத்தோரம் கீற்று போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். மறுபடியும் கீற்று. மறுபடியும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். அழுதால் நேரம் போகும். பதினொரு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

“பாயம்மா,” என்றாள் அமீனா பீயைப் பார்த்து. “ஒரு சொட்டுத் தண்ணி உள்ள ஊத்தாத. நான் பாக்கறேன்.”

“நீ இன்னா பாப்ப?” என்றார் வலியுல்லா.

“பதினெட்டு வருசமா வூடு கட்டறேன் பாய். எனக்கு ஒரு வூடுதான் இல்ல.”

கட்டடத்தின் பின்பக்கம் போனாள். மேலிருந்து இறங்குகிற குழாய் தரைக்குள் நுழைந்து வளைந்து, சுவரை ஒட்டித் தரையில் கட்டிய கழிவுநீர்க் குழியான சேம்பருக்குள் திறந்தது. சிமெண்டு மூடியை முருகையன் நெம்பித் தூக்கினான். முத்தம்மா குனிய முடியாமல் மண்டிபோட்டு, அப்படியே குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். கழுத்து உயிர் போகிற வலி. சேம்பருக்குள் சுக்காகக் காய்ந்துகிடந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரக்கசிவு.

“காஞ்சிகீது,” என்றாள்.

“அப்டின்னா?”

“அப்டின்னா அடைப்பு குயாய்க்குள்ளயே கீது. வளைவுல.”

சாரம் கட்டின மிச்ச மூங்கில் பின்னால் கிடந்தது. அதைப் பிளந்து ஒரு பிளாச்சு எடுத்து, சேம்பர் பக்கமிருந்து குழாய் வாய்க்குள் விட்டாள். ஒரு முழம் போனதும் இடித்தது. குத்தினாள். மண்ணாக இருந்தால் உதிரும். சாம்பல் இறுகியிருந்தால் கல் மாதிரி டக்கென்று சத்தம் வரும். இது இரண்டும் இல்லை. குத்தினால் அமுங்கியது, எடுத்தால் பிளாச்சைத் திருப்பித் தள்ளியது. மறுபடியும் குத்தினாள். மறுபடியும் தள்ளியது.

முத்தம்மா அப்படியே நிறுத்தினாள். அந்த அமுங்கல் அவள் கைக்குத் தெரிந்த அமுங்கல்.

கட்டட வேலை நடக்கும்போது குழாய் வாயைத் திறந்துபோடமாட்டார்கள். பூச்சு வேலையில் உதிர்கிற கலவையும் ஜல்லியும் உள்ளே விழுந்து இறுகிவிட்டால் அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கொத்தனார், “ஏய், வாய அடைச்சிட்டு வா” என்பார். சித்தாள் ஒரு பழைய சிமெண்டுச் சாக்கைப் பந்தாகச் சுருட்டி, காலால் மிதித்துத் திணித்துவிட்டு வருவாள். வேலை முடிந்ததும் ஞாபகமாகப் பிடுங்க வேண்டும். பிடுங்குகிறவர் யார் என்பதில்தான் எப்போதும் தகராறு. அடைத்த சித்தாள் அதற்குள் வேறு இடத்துக்குக் கூலிக்குப் போயிருப்பாள். கொத்தனார் அடுத்த மேஸ்திரியிடம் போயிருப்பார். எத்தனை இடத்தில் முத்தம்மாவே திணித்திருக்கிறாள். எத்தனை இடத்தில் பிடுங்கினாள் என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்ய முடியாது.

“யோவ்,” என்றாள். குரல் மாறியிருந்தது. “உன் கொக்கிய எட்தா.”

“எந்தக் கொக்கி?”

“மூட்ட இயுக்கற கொக்கிதான்யா. ஓடு.”

அவன் மூன்று மாடி ஓடி ஏறி இறங்கினான். மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்கிற இரும்புக் கொக்கி. சாக்கில் குத்தி இழுப்பதற்கென்றே அடித்தது. அதைப் பிளாச்சின் நுனியில் புடவைக் கரை கிழித்து இறுக்கிக் கட்டினாள். உள்ளே விட்டுக் குத்தித் திருகினாள். பிடித்துக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. முருகையன் அவளை நகர்த்திவிட்டுத் தான் உட்கார்ந்து, சேம்பர் விளிம்பில் காலை ஊன்றி, பாரவண்டியைப் பின்னால் இழுக்கிற மாதிரி உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்தான்.

முதலில் ஒரு உறிஞ்சல் சத்தம். பிறகு கொக்கியோடு ஒரு கறுத்த உருண்டை விருட்டென்று வந்தது. அவன் மல்லாந்து விழுந்தான். அதன் பின்னாலேயே குழாய் முழுக்க நின்றிருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வந்து சேம்பரில் இறங்கி, அவன் வேட்டியை நனைத்து, ஓடிப் போயிற்று.

“ஏய்! எறங்கிடுச்சு! எறங்கிடுச்சு!” என்று உள்ளேயிருந்து அமீனா பீ கத்தினாள்.

முத்தம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முருகையன் சாக்கடைத் தண்ணீரில் நனைந்தபடி படுத்துக்கொண்டே சிரித்தான்.

வலியுல்லா ஓடிவந்து உருண்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். “இன்னா இது?”

“சாக்கு, பாய். வேல நடக்க சொல்ல குயாய அடைக்கறது. எடுக்காம உட்டுட்டானுங்க.”

“அடப்பாவிங்களா! சாக்கா?” அவர் கோபம் அந்த நொடியில் திசை மாறியது. மூன்றாம் மாடியை விட்டுவிட்டு, முகம் தெரியாத கண்டிராக்டரையும் அவன் வம்சத்தையும் பிடித்துக்கொண்டது. “வரட்டும் அந்த ஆபீசரு. கேக்கறேன் நான்.”

அவர் சட்டை போடப் போனார். முருகையன் மேலே வேட்டி மாற்றப் போனான். பின்பக்கம் முத்தம்மாவும் சாக்கும்தான் மிச்சம். அமீனா பீ வந்தாள். சாக்கைத் தூக்கி ஒரு முனையைப் பிரித்தாள். இழைக்கு இழை சாம்பல் அப்பி, களிமண் மாதிரி அடைந்திருந்தது. விரலால் ஒரு கட்டியைப் பெயர்த்தாள். அதில் ஒரு துண்டு விறகுக் கரியும் இருந்தது. முத்தம்மாவை ஒரு தரம் பார்த்தாள். சாக்கை எடுத்துக்கொண்டு தன் வாசலுக்குப் போய், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் துவைகல்லில் போட்டு அடித்தாள். திருப்பிப் போட்டு அடித்தாள். தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் விடவில்லை.

“பைத்தியமா உனுக்கு?” என்றார் வெளியே வந்த வலியுல்லா. “குடிக்கிற தண்ணிய ஊத்தி சாக்கத் தொவைக்கிற?”

“ஆபீசரு கையில எடுத்துப் பாக்கணும்ல? நாத்தம் அடிச்சா தூரப் போயிடுவாரு. நீங்க போய் ஓரமா நில்லுங்க.”

பிறகு உள்ளே போய்த் தரையையும் கழுவி விட்டாள்.

பதினொன்றேகாலுக்குப் பஞ்சாட்சரம் சைக்கிளில் வந்தார். கையில் குடை, கேரியரில் நோட்டு. வலியுல்லா சேம்பரிலிருந்து ஆரம்பித்துப் பஞ்சு வரைக்கும் கத்தினார். பஞ்சாட்சரம் சாக்கை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. எல்லாக் குழாயிலும் தண்ணீர் விட்டுப் பார்த்தாயிற்று என்று கண்டிராக்டரிடமிருந்து கட்டடத்தை வாங்கும்போது கையெழுத்துப் போட்டவர் அவர்தான். மற்றவர்களுக்கு அது தெரியாது. ஆனால் அவர் வாயைத் திறக்காமல் நின்ற விதத்திலேயே முத்தம்மாவுக்கு ஏதோ புரிந்தது. தங்கள் தப்பு வெளியே வரும்போது மேஸ்திரிகள் இப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறாள்.

“சரி, எடுத்தாச்சில்ல,” என்றார் கடைசியில். “இதைப் போய் ஊரெல்லாம் சொல்லிண்டிருக்க வேண்டாம்.” பிறகு, பழகின பழக்கத்தில், மேலே நிமிர்ந்து பார்த்தார். “ஆமாம், பன்னண்டு நாளாப் போன தண்ணி இன்னிக்கு ஏன் நின்னுது? மேல யார் வீடு? விறகு அடுப்பா?”

“என் வூடுதான் சார்,” என்றாள் முத்தம்மா.

“சாம்பல் கொட்டினியா?”

முருகையன் தரையைப் பார்த்தான். வலியுல்லா முத்தம்மாவைப் பார்த்தார். பொய் சொல்லி வழக்கமில்லாத மனிதர், வாயைத் திறந்தார். முத்தம்மா கணக்குப் போட்டாள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பாய் மறுப்பார். ஆமாம் என்றால் பதினேழு.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அமீனா பீயின் குரல் வந்தது.

“இவ்ளோ பெரிய சாக்க உள்ள வச்சிட்டு, பாயசம் ஊத்துனாலும் நிக்கும் சார். சாக்குல எங்கனாச்சும் சாம்பல் கீதா, பாருங்க. உங்க கையிலதான கீது?”

பஞ்சாட்சரம் பார்த்தார். வெளுத்த சாக்கு. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

முருகையனுக்கு அப்போதுதான் நாக்கு வந்தது. “சார், ஒரு சந்தேகம். ஒண்ணுலேர்ந்து இருவத்திரெண்டு வரைக்கும் படிச்சிட்டேன். சாக்கு எத்தினியாவது நம்பர்ல வருது?”

பின்னால் கூடிவிட்டிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. பஞ்சாட்சரம் இந்தத் தடவை உதட்டோரத்தில் கொஞ்சம் சிரித்தார். சிரித்தால் தப்பிக்கலாம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நோட்டைத் திறந்து எழுதினார். எழுதியதை முருகையன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்: “கட்... டட வேலை மிச்சம்... அகற்... றப்பட்டது. குடி... யிருப்போர் தவறு... இல்லை.”

“படிச்சாச்சா? இனிமே எல்லாரும் சாம்பலைத் தொட்டியில போடணும். புரிஞ்சுதா?” என்றார் பஞ்சாட்சரம்.

“புரிஞ்சுது சார்,” என்றாள் முத்தம்மா. அவ்வளவு உண்மையாக அவள் எதையும் சொன்னதில்லை.

மேலே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வீடு இருந்தது. ஜன்னல் இருந்தது. கழுத்து வலி அப்படியே இருந்தது, ஆனால் அது வெறும் கழுத்து வலியாக மட்டும் இருந்தது. முருகையன் பழையதைப் பிசைந்து அவள் கையில் ஒரு கிண்ணம் கொடுத்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் சோறு போட்டுக் கொடுத்தது அதுதான் மூன்றாவது தடவை. பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் விடாமல் தின்றாள். தின்றதும் அங்கேயே தூங்கிப்போனாள்.

மூன்று மணிக்கு எழுந்து கீழே போனாள். வலியுல்லா ராயப்பேட்டையில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் நல்ல பஞ்சு கடன் கேட்கப் போயிருந்தார். அமீனா பீ கெட்ட பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முத்தம்மா கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். இலவம்பஞ்சு ஈரத்தில் கட்டியாகி, எலிக்குட்டி மாதிரி கையில் கொழகொழத்தது.

“எவ்ளோ போச்சு பாயம்மா?”

“நாலு கிலோ. மிச்சத்த வெயில்ல போட்டா தேறிடும்.”

முத்தம்மா ஒரு கட்டியை உதறிப் பிரித்தாள்.

“சாக்கு மட்டும்னா தண்ணி நிக்காது பாயம்மா. கசிஞ்சி கசிஞ்சி போய்க்கினேதான் இருக்கும். வேல எடத்துல நாங்க மாசக்கணக்கா அப்டியே உட்டு வச்சிருப்போம். சாம்பலு போய் ஓட்டையெல்லாம் அடைச்சிடுச்சு.”

“தெரியும். பிரிக்கும்போதே பாத்தேன்.”

“அப்புறம் ஏன்?”

அமீனா பீ ஒரு கட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். “மேல் வூட்டுக்கு நாளைக்கு வேற எவளாவது வருவா. அவ எப்டியோ, என்னாவோ. நீ குயாய் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவ.” சிரித்தாள். “அதுவுமில்லாம, நாங்களும் அந்தக் கரையிலதான் கெடந்தோம். வெள்ளத்துல பஞ்சு தூக்கிட்டு ஓடுனவ நானு. உன்ன அங்க அனுப்பிட்டு எனுக்குத் தூக்கம் வருமா? ஆனா பாயிகிட்ட சொல்லாத. அவரு வாயில எதுவும் நிக்காது.”

“அந்த நாலு கிலோ என்னுது பாயம்மா.”

“உன்னுதுன்னா கொண்டா.”

“கொண்டாறேன்.”

“எங்கேர்ந்து? மாடியில இலவ மரம் வச்சிகீறியா? அதுக்கும் ஒரு நம்பர் போட்டுருப்பாங்களே!”

அது மாசி மாதம். பங்குனியில் இலவங்காய் வெடிக்கும். அடையாறிலும் மந்தைவெளியிலும் பங்களாத் தோட்டங்களில் மரங்கள் உண்டு. காய் விழுந்து கிடந்தால் தோட்டக்காரர்கள் கூட்டித் தள்ளுகிற எரிச்சலில், எடுத்துக்கொண்டு போ என்று விடுவார்கள். முத்தம்மா வேலை முடிந்து வரும் வழியில் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். காயின் மேலோட்டை உடைத்து, கொட்டையை எடுத்து, பஞ்சைப் பிரித்தாள். இரண்டு மூன்று காய்க்கு ஒரு கைப்பிடிகூடச் சரியாக வராது. மூக்கெல்லாம் பஞ்சு. வீட்டில் பஞ்சு பறப்பதற்கு விதி ஏதாவது உண்டா என்று முருகையன் கதவுக்குப் பின்னால் தேடிப் பார்த்தான். இல்லை.

வலியுல்லா கல்யாண மெத்தையை ஒருநாள் தாமதமாகக் கொடுத்துவிட்டார். துணிக்கடைக்காரர் திட்டினாலும் வாங்கிக்கொண்டார். முத்தம்மா எதற்குப் பஞ்சு கொண்டுவந்து தருகிறாள் என்று அவர் கேட்டபோது, சும்மா கிடைத்தது என்று அமீனா பீ சொல்லிவிட்டாள். சாம்பல் தினமும் சாயங்காலம் மூன்று மாடி இறங்கிப் போய் வாசல் தொட்டியில் விழுந்தது.

சித்திரை முடிவதற்குள் காய் தீர்ந்துபோயிற்று. அதுவரை முத்தம்மா கொடுத்தது ஒன்றரைக் கிலோ. அமீனா பீக்கு இன்னும் இரண்டரைக் கிலோ இலவம்பஞ்சு பாக்கி.